நாயனக் கேசட்டும் ஒரு சின்னத் திருகாணியும்

கேள்வி: எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குப் பக்கம். அப்பா நாயனம் (நாதஸ்வரம்) கேட்க ராத்திரி முழுக்கக் கண் விழிப்பவர். 1984 முதல் ஏழெட்டு வருடம், சுற்றுவட்டாரக் கோயில் திருவிழாக்களில் கேட்ட கச்சேரிகளைச் சின்ன டேப்ரிக்கார்டரில் பதிவு செய்து வைத்திருக்கிறார். முப்பது கேசட் தேறும். சிலவற்றில் பூசணம். சில, போர்வைக்குள் உட்கார்ந்து வாசிப்பது போல் மந்தமாகக் கேட்கின்றன. ஒன்றில் போகப் போகச் சுருதி ஏறுகிறது. இரண்டை மட்டும் ஒரு கடையில் கொடுத்து எம்பி3யாக மாற்றினேன். இரைச்சல் போனது, கூடவே தவிலும் போய்விட்டது. மற்றவற்றை என்ன செய்யலாம்?

பதில்: முதலில், கடைக்குக் கொடுத்த அந்த இரண்டு கேசட்டையும் தூக்கிப் போடாதீர்கள். கெட்டது எம்பி3தான், டேப் இல்லை. நடந்தது என்னவென்று ஊகிக்க முடிகிறது. ‘க்ளிக்’ நீக்கும் வசதி ஒன்று இந்த மென்பொருள்களில் உண்டு. திடீரென்று எழுந்து சட்டென்று அடங்கும் எந்த ஒலியையும் அது கீறல் என்று எடுத்துக்கொள்ளும். விரலில் கூடு போட்டுத் தவிலின் வலந்தலையில் (வலது பக்கத்தில்) அடிக்கும் அடியும் அதன் கணக்கில் கீறல்தான். நானும் ஒரு தவில் தனியை இப்படி வழித்துத் துடைத்திருக்கிறேன். மூலப் பதிவு கையில் இருந்ததால் தப்பித்தேன்.

பூசணம் பிடித்த கேசட்டுகளை இன்றே தனியாகப் பிரித்து வையுங்கள். நம் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பரணில் கிடந்தால் இது வராமல் இருக்காது. அப்படியே ஓட்டினால் மெஷினில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் தொற்றும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு வாரம் வைத்தால் பூசணம் காய்ந்து தூளாகும். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, பஞ்சு பிரியாத துணியால் டேப் சுருளின் ஓரத்தை மெதுவாகத் துடையுங்கள். வெயிலில் காய வைக்கக் கூடாது. டேப்பை அடுப்பில் சூடாக்குவது பற்றி எங்காவது படித்திருப்பீர்கள். அது பசை இளகிப்போன சில பழைய ஸ்பூல் டேப்புகளுக்கான வைத்தியம், இதற்கு இல்லை. கேசட்டைப் பிரிக்கும்போது, டேப்பை ஹெட்டோடு (ஒலியைப் பதிந்து படிக்கும் பாகம்) அழுத்திப் பிடிக்கும் சின்ன ஃபெல்ட் துண்டு இருக்கிறதா என்றும் பாருங்கள். பசை காய்ந்து அது விழுந்திருந்தால் எந்த மெஷினிலும் ஒலி மங்கும். வேண்டாத பழைய கேசட்டில் இருந்து எடுத்துப் போடலாம்.

இனி அந்தப் போர்வை. கணினியில் டிரெபிளை ஏற்றிச் சரிசெய்யலாம் என்று தோன்றும். அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அப்பாவின் டேப்ரிக்கார்டரில் ஹெட் இம்மியளவு சாய்ந்திருந்தால், காந்தப் பதிவும் அதே சாய்வில்தான் விழுந்திருக்கும். நேரான ஹெட் உள்ள நல்ல டெக்கில் (கேசட் ஓட்டும் மெஷினில்) அதை ஓட்டினால் முதலில் காணாமல் போவது மேல்ஸ்தாயி ஒலிகள். டெக்கின் ஹெட்டுக்கு இரண்டு பக்கமும் திருகாணி இருக்கும். அதில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் திருகாணிதான் சாய்வை மாற்றுவது. பழைய நிலையை நகப்பூச்சால் குறித்துக்கொண்டு, கேசட் ஓடும்போதே மெல்லத் திருப்புங்கள். கால் சுற்றுக்கு மேல் பெரும்பாலும் தேவைப்படாது. இடது, வலது சானல்களைச் சேர்த்து மோனோவாக வைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

எதைக் கேட்டுத் திருப்புவது? தவிலை வைத்துப் பார்க்க வேண்டாம். குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தின் கனத்த ஒலி எந்தச் சாய்விலும் கேட்கும். தாளக்காரரின் ஜாலராவைக் கேளுங்கள். ‘ச்சிங்’ என்று தெளிந்து, வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கரகரப்பு நாயனத்தில் தெரியும் இடத்தில் கையை நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், பக்கம் மாறினாலும், திரும்பப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான். ஆனால் பாதிக்கு மேல் பலன் இதில்தான் இருக்கிறது. கடைக்காரர் செய்யாமல் விட்டதும் அநேகமாக இதுவே. டெக்கில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் இருந்தால் அணைத்து வையுங்கள். சின்ன ரிக்கார்டர்களில் அது இருந்திருக்காது.

சுருதி ஏறுவதற்குக் காரணம் பேட்டரி. பதிவின்போது பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகியிருக்கும். அதைச் சரியான வேகத்தில் ஓட்டும்போது சுருதியும் காலப்பிரமாணமும் சேர்ந்து ஏறுகின்றன. அதனால் சுருதியை மட்டும் இறக்கும் வசதியைத் தொடாதீர்கள், வேகத்தையே மாற்ற வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டியில் ‘டைம் டிராக்’ என்று ஒன்று உண்டு. வேகத்தைப் படிப்படியாக மாற்ற அது போதும்.

வேகத்தைத் திருத்த அளவுகோல் எது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒலிபெருக்கியின் ரீங்காரத்தை 50 ஹெர்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டு திருத்துவது வெளிநாட்டு வழக்கம். அந்த நாளில் நம் மின்சாரம் 49, 48.5 என்று இறங்குவது சகஜம். திருவிழாவில் ஜெனரேட்டர் வேறு. 48.5க்கும் 50க்கும் உள்ள 3 சதவீத வித்தியாசம் சுருதியில் ஏறக்குறைய கால் கட்டை! பதிலாக, சுருதி பிடிக்கும் ஒத்துக் குழலையோ சுருதிப் பெட்டியையோ பிடித்துக்கொள்ளுங்கள். நீளமான பாரி நாயனம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். பக்கத்து ஊர் நாயனக்காரர் ஒருவரிடம் கேசட்டின் தொடக்கத்தைப் போட்டுக் காட்டினால் வாசித்தவர் யார், எத்தனை கட்டை என்று அவரே சொல்லக்கூடும்.

கணினியில் ஏற்றும்போது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ், வேவ் கோப்பு. ஸ்டீரியோவாக ஏற்றினால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 1 ஜிபி ஆகும். பதிவு மோனோதான் என்றாலும் ஸ்டீரியோவாகவே ஏற்றுங்கள். டேப்பின் ஓரம் கெட்டிருந்தால் இரண்டில் நல்ல சானலைத் தேர்ந்தெடுக்கலாம். உச்ச அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்ட வேண்டாம், தவில் எப்போது எகிறும் என்று சொல்ல முடியாது. இந்த மூலக் கோப்பில் கை வைக்காமல் நகல் எடுத்து வேலை செய்யுங்கள்.

இரைச்சல் குறைப்பு 6 டெசிபல் போதும். அதற்கு மேல் போனால் ஜாலரா தண்ணீருக்குள் ஒலிப்பது போல் ஆகிவிடும். பலத்த தவில் அடிக்குப் பின் நாயனம் ஒரு கணம் அமுங்கி எழுவது, ரிக்கார்டர் தானாக ஒலி அளவைக் குறைத்ததால் வந்தது. அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது, விட்டுவிடுங்கள். வெடிச்சத்தம், மணி, ‘ஒதுங்குப்பா, சாமி வருது’ என்ற குரல் எதையும் வெட்ட வேண்டாம். மல்லாரி, சாமி புறப்பாட்டில் வாசிப்பது. வெடியும் கூட்டமும் இல்லாமல் சுத்தப்படுத்தப்பட்ட மல்லாரி எனக்கென்னவோ ஸ்டூடியோவில் சாமி புறப்பட்டது போல இருக்கிறது.

அட்டையில் அப்பா எழுதியிருப்பதைப் போட்டோ எடுத்து, அவர் நினைவில் இருப்பதையும் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். இணையத்தில் போடுவதாக இருந்தால் வித்வானின் வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்; அவர்களிடமே அந்தப் பதிவு இருக்காது, சந்தோஷப்படுவார்கள்.

அப்புறம், முதல் நாளே அப்பாவுக்குப் பிடித்த கேசட்டை எடுக்காதீர்கள். வீட்டில் ஏதாவது பழைய சினிமாப் பாட்டு கேசட் கிடக்கும். திருகாணியை அதில் திருப்பிப் பழகுங்கள்.