டிராம்சோவுலேர்ந்து லாங்யியர்பியன் எவ்வளவு தூரம், ஃபிளைட்ல எவ்வளவு நேரம்?

நார்வேயோட வடக்குல இருக்குற டிராம்சோவுலேர்ந்து, ஸ்வால்பார்ட் தீவுகள்ல இருக்குற லாங்யியர்பியன் ஊருக்கு நேர்கோட்டுல சுமார் 960 கி.மீ. இத நீங்களே கணக்கு போட்டுக்கலாம், கூகுள் கூட வேணாம். டிராம்சோ கிட்டத்தட்ட 69.7 டிகிரி வட அட்சரேகை, லாங்யியர்பியன் 78.2, ரெண்டும் ஏறக்குறைய ஒரே நேர்ல மேலயும் கீழயும் இருக்கு, ஒரு டிகிரிக்கு 111 கி.மீ., எட்டரை டிகிரி வித்தியாசத்தோட பெருக்கினா கிட்டத்தட்ட 944 வரும், கொஞ்சம் மேற்கால சாயறதாலயும் எண்கள ரவுண்ட் பண்ணதாலயும் மிச்சம். மேப்ல பாத்தா ரொம்ப தூரம் மாதிரி தெரியும், அத நம்பாதீங்க, நாம பாக்குற மேப் துருவத்துப் பக்கம் போகப் போக எல்லாத்தையும் இழுத்துப் பெருசாக்கிடும், 78 டிகிரில கிட்டத்தட்ட அஞ்சு மடங்கு.

ஃபிளைட் டைம் சுமாரா ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. 850 கி.மீ. வேகத்துல போனா ஒரு மணி பத்து நிமிஷம்தானே ஆகணும்னு கேப்பீங்க, ஆனா ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த வேகம் வராது, ரன்வேக்கு உருண்டு போற நேரமும் இதுல சேரும்.

வழி பூரா கடல்தான், நடுவுல பியர் ஐலண்ட் மட்டும் கொஞ்சம் கிழக்கால வரும், மேகம் இல்லேன்னா கிழக்குப் பக்க ஜன்னல்ல பாக்கலாம் (பெரும்பாலும் மேகம்தான்).

முக்கியமா ஒண்ணு, ஸ்வால்பார்ட் நார்வேயோடதுதான், ஆனா ஷெங்கன்ல (ஒரே விசாவுல சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுகளோட கூட்டம், நார்வே அதுல இருக்கு) இல்ல. அதனால பாஸ்போர்ட் செக் உண்டு, திரும்பி வரணும்னா நம்ம ஆளுங்களுக்கு குறைஞ்சது டபுள் என்ட்ரி ஷெங்கன் விசா (ரெண்டு தடவ உள்ள நுழைய விடுறது) வேணும்.