போனை எடுங்கள், அண்ணை

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். மனைவி காலமாகி இரண்டு வருடம். ஒரே மகனைக் கணக்கியல் படிக்க மெல்பேர்ணுக்கு அனுப்பினேன். படிப்பை இடையில் விட்டுவிட்டுப் பந்தயக் குதிரை லாயம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான், எட்டு வருடமாகிறது. இப்போது பயிற்றுநர் உரிமம் எடுத்துவிட்டான், சொந்தப் பெயரில் குதிரை பழக்கப் போகிறானாம். ஊரில் கேட்பவர்களுக்குக் கணினி வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன். குதிரைக்காரனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? சூதோடு சம்பந்தப்பட்ட தொழில் வேறு. வீட்டோடும் ஒட்டில்லை. கோல் எடுப்பதென்றாலும் நான் படுக்கிற நேரத்தில்தான், சில மாதம் இரவு பத்து மணி, சில மாதம் பதினொன்று, ஒரு ஒழுங்கில்லை. மனைவி இருந்தவரை விழித்திருந்து கதைப்பார், நான் எடுப்பதில்லை. இவனை எப்படி ஊருக்குத் திருப்பி எடுப்பது?
– பெயர் வேண்டாம், கோப்பாய்

அண்ணை, திருப்பி எடுக்கிற வழியை நான் சொல்லப்போவதில்லை. டொக்டராகாத பிள்ளை, எஞ்சினியராகாத பிள்ளை, படிப்பை விட்டுவிட்டுச் சமையல்காரனாகப் போன பிள்ளை என்று இந்தக் கடிதம் எனக்கு மாதத்துக்கு இரண்டு வரும். உங்களுடையதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரே ஒரு வரி, அதையும் நீங்கள் போகிற போக்கில் குறையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். பத்து மணி, பதினொரு மணி, ஒரு ஒழுங்கில்லை.

கணக்குப் படிப்பித்தவர்தானே, ஒரு சின்னக் கணக்குச் செய்யுங்கள். மெல்பேர்ணில் ஒக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைப்பார்கள். அந்த மாதங்களில் எங்களுக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணித்தியால வித்தியாசம், மிச்ச மாதங்களில் நாலரை. உங்கள் பத்தோடு ஐந்தரையைக் கூட்டுங்கள். பதினொன்றோடு நாலரையைக் கூட்டுங்கள். இரண்டும் அதிகாலை மூன்றரை. உங்கள் பிள்ளை மாரி, கோடை என்று பார்க்காமல் ஒரே நேரத்துக்குத்தான் எடுக்கிறான். அண்ணிக்கு இது விளங்கியிருக்கிறது, ஒரு கணக்கும் போடாமல்.

அதிகாலை மூன்றரைக்கு அவனுக்கு என்ன வேலை என்று எப்போதாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் எழுதியிருப்பீர்கள். சரி, நான் சொல்கிறேன். போனதும் தீனித் தொட்டியைப் பார்ப்பார்கள், இரவு வைத்ததை மிச்சம் வைத்த குதிரைக்கு உடம்பில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அதற்கடுத்தது கால். ஒவ்வொரு குதிரையின் முன்னங்காலையும் முழங்காலுக்குக் கீழே கையால் தடவிப் பார்க்க வேண்டும். அந்த இடத்தில் தசை கிடையாது, எலும்பும் தசைநாணும் தோலும்தான், 500 கிலோ உடம்பு மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும்போது பாரம் அதிலேதான் இறங்கும். நேற்றில்லாத ஒரு இளஞ்சூடு இன்றைக்குக் கையில் பட்டால் அந்தக் குதிரை அன்று ஓடக்கூடாது. கவனியாமல் ஓடவிட்டுத் தசைநாண் கிழிந்தால் பல மாதம் போய்விடும், எலும்பே முறிந்தால் அனேகமாகக் குதிரையே போய்விடும். வாய் இல்லாத சீவன், அதன் நோவைக் கையால்தான் வாசிக்க வேண்டும். இதையெல்லாம் முடித்துக்கொண்டு விடியுமுன்னரே பயிற்சித் தடத்துக்குக் கொண்டுபோய், 200 மீற்றரை எத்தனை செக்கனில் ஓடியது என்று கையில் கடிகாரத்தோடு நிற்க வேண்டும். அந்த வேலைக்குள் போகும் முன்பு அவனுக்குச் சொந்தமாக இருக்கிற பத்து நிமிடத்தில்தான் கோப்பாய்க்குக் கோல் எடுக்கிறான். இவனையா வீட்டோடு ஒட்டில்லை என்கிறீர்கள்?

என் அப்பு சவாரி மாடு, அதுதான் வண்டிப் பந்தயத்தில் ஓடுகிற மாடு, வைத்திருந்தவர். விடியமுன் எழும்பி இரண்டு நாம்பன்களின் காலையும் தடவிவிட்டுத்தான் முகம் கழுவப் போவார், எங்களுக்கு முட்டை இல்லாத நாளிலும் மாட்டுக்கு இருந்தது. (துவரங்கம்பால் குத்தி ஓட்டிய கதையை எழுத வெளிக்கிட்டால் இந்தப் பக்கம் போதாது, அது வேறு.) அவரை ஊரில் ஒருவரும் மாட்டுக்காரன் என்று இளக்காரமாகச் சொன்னதில்லை. சித்திரை வந்தால் வான் பிடித்து நுவரெலியாவுக்குக் குதிரை ஓட்டம் பார்க்கப் போகிறோம், குறிகட்டுவானில் படகேறிப் போய் நெடுந்தீவுக் குதிரைகளோடு நின்று படம் எடுக்கிறோம், அப்போதெல்லாம் வடிவாக இருக்கிற குதிரை உங்கள் மகன் தொட்டவுடன் மட்டும் எப்படி அசிங்கமாகிறது?

உங்கள் கடிதம் வந்த பிறகு இருந்து வாசித்தேன். பார்ட் கமிங்ஸ் என்று அவுஸ்திரேலியாவில் ஒரு பயிற்றுநர் இருந்தார். சின்ன வயதிலேயே குதிரையும் வைக்கோலும் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாது என்று டொக்டர் சொன்ன பிள்ளை. தகப்பன் ஜிம்மும் இதே தொழில்தான், 1950இல் தகப்பனின் குதிரை மெல்பேர்ண் கிண்ணத்தை வென்றபோது அதைப் பராமரித்துக் கூட்டிக்கொண்டு வந்தவர் இந்த மகன். 1965இல் தானே பழக்கிய குதிரைகள் முதலாவதாகவும் இரண்டாவதாகவும் வந்தன. 2008இல் பன்னிரண்டாவது தடவை வென்றார். மெல்பேர்ண் கிண்ணம் 1861இலிருந்து ஓடுகிறது, நவம்பர் முதல் செவ்வாய், அன்றைக்கு அந்த நகரத்துக்கே விடுமுறை. 2017இல் அதே பந்தயத்தில் ஜோசப் ஓ'பிரையன் என்ற 24 வயதுப் பெடியனின் குதிரை முதலாவது, அவனுடைய தகப்பன் ஏய்டன் பழக்கிய குதிரை இரண்டாவது. அந்தத் தகப்பன் அதற்கு வெட்கப்பட்டதாக நான் எங்கும் வாசிக்கவில்லை.

எல்லாரும் கமிங்ஸ் ஆக முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். குதிரை பெரும்பாலும் பயிற்றுநருடையது இல்லை. சொந்தக்காரர் நாளுக்கு இவ்வளவு என்று தருவார், வென்றால் பரிசுப்பணத்தில் ஏறக்குறைய பத்திலொன்று கிடைக்கும். நாலு பந்தயம் தொடர்ந்து தோற்றால் அந்தச் சொந்தக்காரரே வாகனம் அனுப்பிக் குதிரையை வேறு லாயத்துக்கு ஏற்றிக்கொண்டு போவார், ஏன் என்று கேட்க முடியாது. சூதைப் பற்றி நீங்கள் சொன்னதும் முழுப்பிழை இல்லை. ரேஸ் புக்கியில் காணி உறுதியை வைத்துத் தொலைத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். குதிரை பழக்குவது சூதாட்டமில்லை, ஆனால் பந்தயம் கட்டுகிறவர்களின் காசு இல்லாவிட்டால் அந்தத் தொழிலும் இல்லை. இதை அவனோடு நேரே கதையுங்கள், தகப்பனுக்கு அந்த உரிமை இருக்கிறது. கதைப்பதற்கு முதலில் போனை எடுக்க வேண்டும்.

பிள்ளை தகப்பனைப் பார்க்கவேண்டும் என்பதில் எனக்கு இளக்கமே இல்லை, வராத பிள்ளைகளை இந்தப் பக்கத்தில் எத்தனை தரம் ஏசியிருக்கிறேன் என்று பழைய இதழ்களைப் புரட்டினால் தெரியும். உங்கள் மகனையும் ஏசியிருப்பேன். ஆனால் தாயின் செத்தவீட்டுக்கு அவன் வரவில்லை என்று நீங்கள் எழுதவில்லையே. வராமல் விட்டிருந்தால் கடிதத்தின் முதல் வரியே அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆக வந்திருக்கிறான், திரும்பிப் போயிருக்கிறான், எடுக்க ஆளில்லை என்று தெரிந்தும் இரண்டு வருடமாக அதே நேரத்துக்கு அடிக்கிறான். நீங்கள் படுக்கையில் கிடந்து அது அடித்து ஓய்வதைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்காவிட்டால் பத்து, பதினொன்று என்று இவ்வளவு சரியாக எழுத முடியாது.

கலியாணத்துக்கு ஒரு வார்த்தை. கணினி வேலை என்று பொய் சொல்லிப் பெண் எடுத்தால் நாளைக்கு அந்தப் பெண்ணின் தகப்பன் உங்கள் படலையில் வந்து நிற்பார், நானும் அவர் பக்கம்தான் நிற்பேன். மூன்றரைக்கு எழும்பிப் போகிறவனோடு வாழப்போகிறவளுக்கு அதை முன்கூட்டியே சொல்லத்தான் வேண்டும். கேட்டுவிட்டு வேண்டாம் என்கிறவர்கள் போகட்டும்.

இன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு போனைச் சத்தத்தில் போட்டு, விறாந்தையில் அண்ணி இருந்த கதிரையில் போய் இருங்கள். பத்து மணியா பதினொன்றா என்று நான் சொல்லத் தேவையில்லை, கலண்டரைப் பாருங்கள். எடுத்தவுடன் இடம் ஒன்று வந்திருக்கிறது, எப்போது வருகிறாய் என்று தொடங்கிவிடாதீர்கள், பத்து நிமிடத்தில் அதற்கு இடமில்லை. அவன் பெயரில் ஓடப்போகிற முதல் குதிரைக்கு என்ன பெயர் என்று கேளுங்கள்.