மாத்திரை போட்டும் நிறம் வரலையே!

கேள்வி: தோப்பு வீட்டில் பேரப்பிள்ளைகளுக்காகச் சின்ன நீச்சல் குளம் ஒன்று கட்டினோம். டெஸ்ட் கிட்டில் குளோரினைப் பார்க்கும் டி.பி.டி. மாத்திரை போட்டால் தண்ணீர் ரோஸ் நிறமாக மாற வேண்டுமாம். எங்களுக்கு நிறமே வருவதில்லை. குளோரின் போதவில்லை என்று மூன்று நாளாகப் பவுடரைக் கூட்டிக்கொண்டே போகிறோம். பி.எச். (தண்ணீரின் அமில-காரத் தன்மை) பார்த்தால் ஊதாவாக வருகிறது, அது கூடுதல் என்று ஆசிட்டும் ஊற்றியாயிற்று. பேரனின் நீச்சல் டவுசர் வெளுத்தே போய்விட்டது. கிட் பழுதா?
- ஒரு வாசகி, பொள்ளாச்சி

பதில்: கிட் மேல் பழி போடாதீர்கள் அம்மா. டவுசர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது: உங்கள் குளத்தில் குளோரின் குறைவில்லை, தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது. முதலில் பவுடர், ஆசிட் இரண்டையும் நிறுத்துங்கள். பிள்ளைகளை இறக்காதீர்கள்.

குளோரின் அளவோடு இருந்தால் டி.பி.டி. ரோஸ் நிறம் காட்டும். 10 பி.பி.எம்.மை (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) தாண்டிப் போனால் அந்த நிறத்தையே குளோரின் வெளுத்துவிடும். அடுத்த முறை மாத்திரை விழும்போது கண்ணை எடுக்காமல் பாருங்கள். ஒரு நொடி ரோஸ் மின்னி மறைந்தால் சந்தேகமே வேண்டாம். பி.எச். ஊதாவும் இதே கதைதான். குளோரின் அதிகமானால், பி.எச். பார்க்கும் சாயமான பினால் ரெட் வேறு பொருளாக மாறி ஊதா காட்டும். அதை நம்பி ஆசிட் ஊற்றினால் உண்மையான பி.எச். பாதாளத்துக்குப் போயிருக்கும். இன்னொன்று, ஆசிட்டும் குளோரின் பவுடரும் நேரடியாகக் கலந்தால் விஷவாயு கிளம்பும். இரண்டுக்கும் ஒரே குவளையைப் பயன்படுத்தவே கூடாது.

உண்மை அளவு தெரிய ஒரு வழி இருக்கிறது. குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு, இன்வர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு. (பேட்டரி ஆசிட் இல்லை, கடையில் கேட்டு வாங்குங்கள்.) கலந்து மாத்திரை போட்டு, வரும் எண்ணை 5 ஆல் பெருக்குங்கள். 3 காட்டினால் குளத்தில் 15. குழாய்த் தண்ணீர் சேர்க்காதீர்கள், அதிலேயே குளோரின் இருக்கலாம். பி.எச்.சுக்கு இந்தக் கலப்பு வேலை உதவாது. குளோரின் இறங்கும்வரை அதை விட்டுவிடுங்கள்.

இறங்க எத்தனை நாள் ஆகும்? பவுடர் டப்பாவைப் படியுங்கள். சாதாரண பிளீச்சிங் பவுடர் என்றால் குளத்தை மூடாமல் வெயிலில் விட்டாலே சீக்கிரம் குறையும். டி.சி.சி.ஏ. 90 என்று போட்டிருந்தால் அதிலுள்ள சயனூரிக் அமிலம் குளோரினை வெயிலிலிருந்து காப்பாற்றும். மெதுவாகத்தான் இறங்கும், கொஞ்சம் தண்ணீரை மாற்ற வேண்டியும் வரலாம். குளோரின் 1 முதல் 3, பி.எச். 7.2 முதல் 7.8 என்று வந்தபிறகு பிள்ளைகள் குதிக்கட்டும்.

இனி டெஸ்ட் செய்யும்போது படிக்கட்டு ஓரத்தில் மேலாக மொள்ளாதீர்கள். பம்ப் தண்ணீர் வந்து விழும் துளையை விட்டுத் தள்ளிப் போய், டெஸ்ட் குழாயைக் கவிழ்த்தபடி முழங்கை ஆழத்துக்கு இறக்கி, அங்கே நிமிர்த்தி எடுங்கள். குலுக்கும்போது விரலால் வாயை அடைக்காதீர்கள், மூடி போட்டே குலுக்குங்கள். விரலில் இருக்கும் வியர்வையும் தேங்காய் எண்ணெயும் கணக்கைக் கெடுக்கும். சொட்டு விடும் பாட்டிலைச் சாய்த்தால் சொட்டின் அளவு மாறும், நேராகப் பிடியுங்கள். குளோரினை உடனே பார்த்துவிடுங்கள், நேரம் போனால் நிறம் ஏறிக்கொண்டே போகும். நிழலில், வெள்ளைச் சுவரைப் பின்னால் வைத்து, கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கிட் வீட்டுக்குள் இருக்கட்டும். விடுதி ஒன்றில் குளத்து வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை பம்ப் ரூமில் குளோரின் வாளிக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். சூடும் ஆவியும் சேர்ந்து பினால் ரெட்டைக் கெடுத்துவிட, ஒரு கோடை முழுக்கத் தப்பான பி.எச்.சை நோட்டில் எழுதித் தள்ளினேன். மேனேஜர் அத்தனைக்கும் கையெழுத்துப் போட்டார்!

கேள்வி: ஆர்.ஓ. தண்ணீருக்கு வாங்கிய டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறது. குளத்தில் 620 காட்டுகிறது. இது போதாதா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: போதாது. அது தண்ணீரில் கரைந்த உப்பைச் சொல்கிறது. உங்கள் போர்வெல் தண்ணீரே அந்த அளவுக்குப் பக்கத்தில் இருக்கலாம். 2 பி.பி.எம். குளோரின் அந்த 620க்குள் காணாமல் போய்விடும். டி.பி.டி. கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். மஞ்சள் நிறம் காட்டும் ஓ.டி.ஓ. கிட் மலிவுதான், ஆனால் வேலை செய்யும் குளோரினையும் அழுக்கோடு சேர்ந்து வீணான குளோரினையும் மொத்தமாகக் கூட்டிக் காட்டும். கண் எரிச்சலும் 'குளோரின் வாடை'யும் பெரும்பாலும் அந்த வீணானதிலிருந்துதான் வருகிறது.