மண்டபம் கட்ட மகள் நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 43 வயது. என் கணவர் சிவில் காண்ட்ராக்டர். இரண்டரை ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். அதிலிருந்து தொழிலை நான்தான் நடத்துகிறேன். ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு எல்லாம் என் பெயரில் புதிதாக எடுத்துவிட்டேன். ஆண்டு டர்ன்ஓவர் 2.4 கோடி ரூபாய். கணவர் காலத்து பில் பாக்கி 22 லட்சம் இன்னும் வரவில்லை. இப்போது 1.8 கோடிக்கு ஒரு கல்யாண மண்டபம் கட்டும் வேலை வந்திருக்கிறது. 12 மாதத்தில் முடிக்க வேண்டும். மாதாமாதம் பில், பில் கொடுத்து 60 நாளில் பணம், 5% பிடித்தம். கையில் 8 லட்சம் இருக்கிறது, இன்னும் 30 லட்சம் புரட்ட வேண்டும். கணவர் சம்பாதித்து வாங்கிய வீட்டை அடமானம் வைப்பதா, மகள் திருமணத்துக்கு வைத்திருக்கும் 50 பவுனை அடகு வைப்பதா? சைட்டைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தனார், தன்னைப் பார்ட்னராகச் சேர்க்கச் சொல்கிறார். வீட்டில் மாமியார், கல்லூரியில் படிக்கும் மகள், பத்தாவது படிக்கும் மகன் இருக்கிறார்கள்.
- கரூர் மாவட்ட வாசகி

பதில்: வீடும் வேண்டாம், நகையும் வேண்டாம். வேலையை விட்டுவிடச் சொல்லவில்லை. மண்டபக்காரர் கொடுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இரண்டு வரிகளை மாற்றச் சொல்லுங்கள் என்கிறேன். காரணத்தைக் கணக்கோடு சொல்கிறேன்.

1.8 கோடியை 12 மாதத்துக்குப் பிரித்தால் மாத பில் 15 லட்சம். 10% லாபம் என்று வைத்தால் உங்கள் செலவு 13.5 லட்சம். அதில் கம்பி, சிமென்ட், எம்சாண்ட், ஜல்லி எல்லாம் 8 லட்சம். கொத்தனார், சித்தாள், சென்ட்ரிங் ஆட்கள் கூலியும் மற்ற செலவும் 5.5 லட்சம். முதல் மாத பில்லை மாதக் கடைசியில் கொடுத்தால் பணம் வருவது மூன்றாம் மாதக் கடைசியில். கடைக்காரர் ஒரு மாதம் பொறுப்பார். சனிக்கிழமைக் கூலி ஒரு நாள்கூடப் பொறுக்காது. ஆக மூன்று மாதக் கூலி 16.5 லட்சம், இரண்டு மாதச் சரக்கு 16 லட்சம். இதோடு 18% ஜிஎஸ்டி. பில் போட்டால், மண்டபக்காரர் பணம் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் அடுத்த மாதம் வரி கட்டியாக வேண்டும். கடையில் கொடுப்பதும் அரசுக்குக் கட்டுவதுமாக இரண்டு மாதத்துக்கு 5.4 லட்சம். கூட்டினால் ஏறக்குறைய 38 லட்சம்.

நீங்கள் போட்ட கணக்கும் அதேதான், 30-ம் 8-ம். ஆனால் இதில் மூச்சுவிட இடமே இல்லை. ஒரே ஒரு பில் ஒரு மாதம் தள்ளினால் இன்னும் 16 லட்சம் வேண்டும். மூன்றாம் மாதம் பணம் வந்ததும் கடனை அடைத்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தப் பணம் நான்காம் மாதக் கூலிக்கும் சரக்குக்கும் போய்விடும். இந்த 38 லட்சம் வேலை முடியும்வரை சைட்டிலேயே கிடக்கும். மொத்த லாபம் 18 லட்சத்தில் பாதி, அதாவது 9 லட்சம், 5% பிடித்தமாக மண்டபக்காரரிடமே இருக்கும். 30 லட்சத்துக்கு 10% வட்டி என்றால், வேலை முடிந்து கடைசி பில் பணம் வருவதற்குள் 3.5 லட்சம் போய்விடும். கடைசியில் கைக்கு வருவது 5.5 லட்சம். அதற்காகவா 50 பவுன்?

சரி, எந்த இரண்டு வரிகள்? ஒன்று, 60 நாள் என்பதை 30 நாள் ஆக்குங்கள். 16 லட்சம் குறையும். இன்னொன்று, 10% மொபிலைசேஷன் அட்வான்ஸ், அதாவது வேலை தொடங்குவதற்கான முன்பணம் கேளுங்கள். அது 18 லட்சம். இரண்டும் கிடைத்தால் ஆரம்பத்தில் நீங்கள் போட வேண்டியது 4 லட்சம்தான். அட்வான்ஸை ஒவ்வொரு பில்லிலும் ஒன்றரை லட்சமாகக் கழிப்பார்கள். அதனால் மாதம் முக்கால் லட்சம் துண்டு விழும், அதற்கு வங்கி லிமிட், அதாவது வேண்டும்போது எடுத்துத் திருப்பிக் கட்டும் கடன் வரம்பு போதும். அட்வான்ஸ் கொடுக்க அவர் பயந்தால், கம்பியையும் சிமென்டையும் அவரே நேரடியாக வாங்கிக் கொடுக்கட்டும். லாபம் கொஞ்சம் குறையும், தூக்கம் கெடாது.

முக்கியமாக, அந்த 1.8 கோடி ஜிஎஸ்டி சேர்த்தா, சேர்க்காமலா? ஒப்பந்தத்தில் 'அனைத்து வரிகளும் உட்பட' என்று இருந்தால், உங்கள் வேலையின் மதிப்பு ஒன்றரைக் கோடியை ஒட்டித்தான். 27 லட்சத்துக்கு மேல் வரி. அப்போது லாபமே இல்லை, நஷ்டம். மண்டபக்காரருக்கு இந்த வரியில் உள்ளீட்டு வரிச் சலுகை கிடைக்காது, அதாவது இதைத் தான் கட்டும் ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ள முடியாது, அதனால் கட்டாயம் இழுத்துப் பேசுவார். இதை வாய்வார்த்தையில் விடாதீர்கள்.

வீட்டைப் பற்றி: அது உங்கள் ஒருவருடையது அல்ல. கணவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி உங்களுக்கும் மகளுக்கும் மகனுக்கும் மாமியாருக்கும் ஆளுக்குக் கால் பங்கு. மாமியாரின் பங்கைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மகன் மைனர். அவன் பங்கை அடமானம் வைக்க, தாயாக இருந்தாலும் நீதிமன்றத்தின் முன் அனுமதி வேண்டும். அது இல்லாமல் கடன் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வங்கி லிமிட் என்றேனே, அதற்கு உங்களுக்கு வழி இருக்கிறது. சிறு தொழில்களுக்கு, எதிர்பார்க்கும் ஆண்டு டர்ன்ஓவரில் 20% வரை நடைமுறை மூலதனக் கடன் என்பது ரிசர்வ் வங்கி அமைத்த நாயக் கமிட்டி வகுத்த கணக்கு. உங்கள் 2.4 கோடிக்கு அது 48 லட்சம். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் உடனே செய்யுங்கள், கட்டணம் கிடையாது. உங்கள் பெயரில் தாக்கல் செய்த வருமான வரிக் கணக்கு, ஜிஎஸ்டி ரிட்டர்ன், மண்டப ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துக்கொண்டு போய், சிஜிடிஎம்எஸ்இ உத்தரவாதத்தின் கீழ் கேஷ் கிரெடிட் கேளுங்கள். சொத்துப் பிணை இல்லாத கடனுக்கான உத்தரவாதம் அது. அதன் உச்சவரம்பு இப்போது 10 கோடி. மேனேஜர் முதலில் வீட்டுப் பத்திரம்தான் கேட்பார். இந்தத் திட்டத்தில் பரிசீலிக்கும்படி எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். 15 லட்சம் லிமிட் வந்தாலே இந்த வேலைக்குத் தாராளம்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பழைய பாக்கி 22 லட்சம். செய்த வேலைக்கான பணத்தைக் கேட்டு வழக்குப் போட வரம்புக் காலம் மூன்று ஆண்டுகள்தான். கணவர் இறந்தே இரண்டரை ஆண்டு ஆகிறது. சில பில்களுக்கு இன்னும் சில மாதங்களே மிச்சம் இருக்கும், சிலவற்றுக்கு முடிந்தேகூட இருக்கலாம். இந்த வாரமே ஒவ்வொருவரிடமும் போய், 'இவ்வளவு தொகை தர வேண்டியுள்ளது' என்று தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். வரம்பு முடிவதற்குள் வாங்கினால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கிடைக்கும். ஒரு பகுதிப் பணத்தை வங்கி வழியாகக் கொடுத்தாலும் நல்லதே. தர மறுப்பவர் மீது வழக்கு என்றால், தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழ் போதாது, நீதிமன்றத்தில் இறங்குரிமைச் சான்றிதழ் (சக்சஷன் சர்டிபிகேட்) வாங்க வேண்டும். வக்கீலிடம் இப்போதே பேசிவிடுங்கள். கணவர் வெயிலில் நின்று சம்பாதித்த பணம், அதை விட்டுவிடக் கூடாது.

கொழுந்தனார் உழைக்கிறார், அந்த உழைப்புக்கு மரியாதை வேண்டும். ஆனால் பார்ட்னர்ஷிப் இப்போது வேண்டாம். கூட்டு நிறுவனத்தில் ஒருவர் தொழிலுக்காக வாங்கும் கடன் மற்றவரையும் கட்டும், உங்கள் சொந்தச் சொத்துவரை வரும். மாதச் சம்பளமும், சைட் முடிந்து பிடித்தம் வந்தபின் லாபத்தில் ஒரு பங்கும் என்று எழுதிக் கொடுங்கள். மாமியாரையும் வைத்துக்கொண்டு பேசுங்கள், பின்னால் மனக்கசப்பு வராது. இரண்டு வருடம் நன்றாகப் போனால், பங்குதாரர்களின் பொறுப்புக்கு வரம்பு உள்ள எல்எல்பி ஆக்குவதை யோசிக்கலாம்.

அப்புறம், வேலையாட்களுக்கு விபத்துக் காப்பீடு எடுக்காமல் மண்டபத்துக்கு வானம் தோண்டாதீர்கள். சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் தலையில்தான். உங்கள் பெயரில் 1 கோடிக்கு டேர்ம் ஆயுள் காப்பீட்டு பாலிசியும் வேண்டும், ஏனென்றால் இப்போது இரண்டு பிள்ளைகளுக்கும் நீங்கள் மட்டும்தான்.

மண்டபக்காரர் அட்வான்ஸும் தரமாட்டேன், சரக்கும் வாங்கித் தரமாட்டேன், 60 நாளையும் குறைக்கமாட்டேன் என்றால், நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வங்கி லிமிட் கையில் வந்தபின், 40, 50 லட்சத்தில் வீடு கட்டுபவர்களின் வேலையாக இரண்டு பிடியுங்கள். பேஸ்மட்டம், லிண்டல், ரூஃப் என்று கட்டத்துக்குக் கட்டம் முன்பணம் வாங்கிச் செய்யும் வேலைகள் அவை.