அம்மா பார்த்த ஓவியம்

ஐயா, வணக்கம்.

போன சனிக்கிழமை கோலாலம்பூரில் ஒரு தனியார் கலைக்கூடத்தில் மனித உடலைப் பற்றிய கண்காட்சிக்குப் போயிருந்தோம். நான், பதினைந்து வயது மகன், என் அம்மா. அம்மாவை வீட்டில் தனியாக விட முடியாததால்தான் அழைத்துப் போனேன். சிலைகள், புகைப்படங்கள், கரித்துண்டு ஓவியங்கள். பாதிக்கு மேல் ஆடையில்லாத உடல்கள். மகன் தலையை நிமிர்த்தவே இல்லை. எனக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் வேகமாக நடந்தேன். திரும்பினால் அம்மாவைக் காணோம். ஒரு கிழவியின் படத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தாழ்ந்த முக்காலியில் ஆடையில்லாமல் உட்கார்ந்திருக்கும் கிழவி. அம்மா சத்தமாகவே சொன்னார்: "இந்தம்மாவுக்கு முட்டி வலி. எந்திரிக்கப் பாக்குது, முடியல." பக்கத்தில் நின்ற இளைஞர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன், "அம்மாவையும் பையனையும் கூட்டிட்டுப் போற எடமா அது?" என்று திட்டினார். நான் செய்தது தவறா? இந்தப் படங்களை எப்படித்தான் பார்ப்பது? அதிலும் வயதான உடலை ஏன் வரைய வேண்டும்? அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அவருக்கு ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது.

– ஒரு வாசகி, கிள்ளான்

அன்புள்ள சகோதரிக்கு,

அன்றைக்கு அந்தக் கூடத்தில் அந்த ஓவியத்தைச் சரியாகப் பார்த்தவர் உங்கள் அம்மாதான். ஏன் என்று சொல்கிறேன்.

உயிருள்ள ஆளை முன்னால் வைத்து வரையப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் முகத்தில் தொடங்குவதில்லை. மாடல் ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நிலையை மாற்றி மாற்றி நிற்பார். அவ்வளவு குறைந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தேட முடியும்: இந்த உடலின் எடை எங்கே இறங்குகிறது? ஒரு காலில் எடையைப் போட்டு நின்றால் அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், அதே பக்கத்துத் தோள் இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் எடை தாங்கும் பாதத்தில் வந்து நிற்கும். நம் ஸ்தபதிகளும் நூல் பிடித்துத்தான் வேலை செய்கிறார்கள். பிரம்மசூத்திரம் என்று அவர்கள் சொல்லும் நடுக்கோட்டிலிருந்து தலையும் இடுப்பும் எவ்வளவு விலகுகின்றன என்று அளந்துதான் திரிபங்கத்தில் வளைந்து நிற்கும் திருமேனியைச் செய்கிறார்கள். அளவு பிசகினால் சிலை சாயப்போவதுபோல் தெரியும்.

அம்மா பார்த்ததும் இதைத்தான். கிழவி எங்கே கையை ஊன்றியிருக்கிறாள், எந்தக் கால் எடை வாங்க மாட்டேன் என்கிறது என்று பார்த்திருக்கிறார். ஓவியர் கரித்துண்டால் சொன்னதை அவர் வாயால் சொல்லிவிட்டார். சிரித்த பிள்ளைகள் ஓர் ஓவியத்தைப் பார்த்தார்கள். அவர் ஒரு மனுஷியைப் பார்த்தார். ஓவியருக்கு இதைவிடப் பெரிய மரியாதை கிடைக்காது.

அவருக்கு எப்படித் தெரிந்தது? பால்மரம் சீவியவருக்கு முட்டியைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதிகாலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும். இருட்டிலேயே மர நிரைக்குள் போயாக வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் பட்டையில் வெட்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டே வரும். வெட்டு தரைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட மரங்களில் குனிந்து, முட்டி மடக்கி, கத்தி சாயாமல் மரத்தைச் சுற்றி வந்து, எழுந்து அடுத்த மரத்துக்குப் போக வேண்டும். இப்படி ஒரு நாளைக்குச் சில நூறு மரங்கள். அப்புறம் மரத்தில் பால் பிடிக்கும் மங்குகளிலிருந்து பாலெடுத்து, காண்டாக் கம்பில் வாளிகளை மாட்டித் தோளில் சுமந்து கொட்டாய்க்குப் போக வேண்டும். எடை எங்கே இறங்குகிறது என்பதை வருஷக்கணக்கில் தன் உடம்பிலேயே படித்தவர் அவர். அந்த உடல்கள் இன்னும் நிறைய வரையப்பட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்தி எடுத்த காலனியக் காலப் புகைப்படங்கள் இருக்கின்றன. அவற்றில் ஆட்கள் நிற்கிறார்கள், அவ்வளவுதான். வேலை செய்யும்போது அந்த முதுகு எப்படி வளைந்தது என்பது அதில் தெரியாது.

வயதான உடலை ஏன் வரைய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நம் மரபே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. காரைக்கால் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். வற்றிய மார்பு, எழுந்த நரம்பு, குழிந்த வயிறு என்று பேயின் உடலை அவரே பாட்டில் எழுதினார். சோழ நாட்டு ஸ்தபதிகள் அதை அப்படியே செம்பில் வார்த்தார்கள். விலா எலும்பு தெரிய, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்தத் திருமேனிகளில் ஒன்று இன்று அமெரிக்காவில் கான்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பார்வதியின் இடையை அவ்வளவு நளினமாகச் செய்த மரபுதான் இதையும் செய்தது. கோயிலில் வைத்துக் கும்பிடவும் செய்தது. பிரான்சில் சிற்பி ரோடான் ஒரு கிழவியின் ஆடையில்லாத உடலைச் சிலையாகச் செய்தது 1880களில்தான். நாம் பல நூற்றாண்டு முந்தியவர்கள்.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். அதில் தவறே இல்லை. ஆனால் ஒன்றை யோசியுங்கள். தைப்பூசத்தன்று பத்துமலையிலும் பினாங்குத் தண்ணீர்மலையிலும் வெற்று மார்போடு, முதுகில் கொக்கி குத்தி வருகிறவர்களைக் குடும்பத்தோடு நின்று பார்க்கிறோம். யாரும் கண்ணைத் திருப்புவதில்லை. அந்த உடல் அங்கே எதற்காக வந்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். கலைக்கூடத்தில் அது தெரியாதபோதுதான் கூச்சம் வருகிறது. அதனால் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் 'இந்த உடல் இங்கே எதற்கு?' என்று கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அந்தப் படத்தைப் பிடிக்கவில்லை என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. நானும் அந்தக் கண்காட்சியைப் பார்த்தேன். தலையை வெட்டிவிட்டுக் கழுத்துக்குக் கீழே மட்டும் காட்டும் பளபளப்பான பெண் உடல் புகைப்படங்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. எனக்கு அவை பிடிக்கவில்லை. யாருடைய உடல் என்று கேட்க இடமே வைக்காத படங்கள் அவை.

அண்ணன் கோபத்தில் ஒரு நியாயம் இருக்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே பையனிடம் சொல்லி, வர விருப்பமா என்று கேட்டிருக்கலாம். பாட்டி, அம்மா இருவர் பக்கத்தில் நின்றுகொண்டு நிமிர்ந்து பார்ப்பது பதினைந்து வயதில் சிரமம். அவனுக்கு அலோர் ஸ்டாரில் பிறந்த ஓவியர் அம்ரோன் ஒமாரின் 'பெர்தாருங்கான்' ஓவியங்களைத் தேடிக் காட்டுங்கள். சிலாட் என்ற மலாய்த் தற்காப்புக் கலை வீரர்கள் இருவர் மோதும் கணம். ஒருவன் எடை இன்னொருவன் மேல் சாய்வதை அவனே கண்டுபிடித்துவிடுவான். கூடவே கோலாலம்பூர் நெகாரா (தேசிய) அருங்காட்சியகத்தில் எட்டுக் கைகளோடு நிற்கும் அவலோகிதேஸ்வரர் என்ற பௌத்த போதிசத்துவரின் வெண்கலச் சிலைக்கு மூவருமாகப் போய் வாருங்கள். 1936இல் பேராக்கின் பீடோர் ஈயச் சுரங்கத்தில் கிடைத்தது. அங்கே அம்மாவை முன்னால் விட்டு, அவர் சொல்வதைக் கேளுங்கள்.

அவனுக்குப் பென்சில் பிடிக்க ஆசை இருந்தால் பாட்டியின் கையிலிருந்தோ பாதத்திலிருந்தோ தொடங்கட்டும். ஆனால் வரையும் வகுப்புகளில் ஒரு முறை உண்டு: மாடலின் சம்மதம் இல்லாமல் புகைப்படம் எடுக்கக் கூடாது, போதும் என்று அவர் சொன்னால் அந்த நொடியே நிறுத்திவிட வேண்டும். அதை அவனிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அம்மாவிடமும் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், உங்கள் கையை நீட்டுங்கள்.

அன்புடன்.