எலிசபெட் நெய்: கணப்பும் உளியும் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியிலிருந்து டெக்ஸாஸில் குடியேறிய சிற்பி எலிசபெட் நெய் பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். தத்துவஞானி ஷோப்பன்ஹவரையும் ஜெர்மானிய அரசியல் தலைவர் பிஸ்மார்க்கையும் எதிரே அமரவைத்துச் சிலை வடித்த பெண், ஒரு பருத்திப் பண்ணையில் இருபது ஆண்டுகளைக் கழித்தார் என்பதை மனம் ஏற்கவில்லை. கணவருக்காகவும் இறந்த குழந்தைக்காகவும் ஒரு மேதை வீணாகிவிட்டதாகவே தோன்றுகிறது. மகனின் உடலை அவர் வீட்டுக் கணப்பிலேயே எரித்தார் என்றும் ஓரிடத்தில் வாசித்தேன். அது உண்மையா? அவருடைய படைப்புகளில் எதை முதலில் பார்க்க வேண்டும்?

ச.

அன்புள்ள ச.,

கணப்பைப் பற்றிய கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மூத்த மகன் ஆர்தர் 1873-இல், இரண்டு வயதில், தொண்டை அடைப்பான் நோயால் இறந்தான். தொண்டையில் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும் அந்த நோய்க்கு மாற்று மருந்து வந்தது 1890-களில்தான். தந்தை எட்மண்ட் மாண்ட்கோமரி ஸ்காட்லாந்தைச் சேர்ந்த மருத்துவர். நடப்பது என்னவென்று முழுமையாக அறிந்திருந்தும் அவரால் செய்யக்கூடியது எதுவும் இருக்கவில்லை. இவ்வளவும் உறுதியானது. தொற்று பரவாமலிருக்கப் பெற்றோரே உடலைக் கணப்பில் எரித்தார்கள் என்பது ஊரார் வழிவழியாகச் சொல்லிவந்த கதை. வரலாறு என்ற இடத்தில் அதை நான் வைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கதை அங்கே ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்பது விளங்குகிறது. அமெரிக்காவின் முதல் நவீன எரியூட்டு நிலையம் பென்சில்வேனியாவில் செயல்படத் தொடங்கியதே 1876-இல்தான். அதற்கு முன்பு, டெக்ஸாஸின் நாட்டுப்புறக் கிறித்தவர்களுக்குப் பிணத்தை எரிப்பது என்பது பில்லிசூனியத்தோடு சேர்த்து எண்ணத்தக்க செயல். (எரிக்கும் வழக்கமுள்ள நம் குடும்பங்களிலும் பச்சிளம் குழந்தையைப் புதைக்கத்தான் செய்வார்கள் என்பதால், கதை நமக்கும் உறுத்துகிறது.) அந்தப் பெண்ணோ கணவரின் பெயரை ஏற்காமல் 'மிஸ் நெய்' என்றே தன்னை அழைக்கச் சொன்னவர், காற்சட்டை அணிந்து ஆண்களைப் போலக் குதிரையில் கால்பரப்பி அமர்ந்தவர், தேவாலயத்தோடு ஒட்டுறவு இல்லாதவர். 1863-இல் மதேராத் தீவின் பிரிட்டிஷ் தூதரகத்தில் முறைப்படி நடந்த திருமணத்தை வெளியே சொல்லிக்கொள்ளவும் அவருக்கு விருப்பமில்லை. இப்படிப்பட்ட ஒருத்தியைப் பற்றி ஊர் எதைத்தான் நம்பாது?

கணவருக்காக வீணானார் என்பதை நான் ஏற்கவில்லை. 1833-இல் மூன்ஸ்டர் நகரில் ஒரு கல்தச்சரின் மகளாகப் பிறந்தவர் அவர். சிற்பம் கற்க வெளியூர் போகக்கூடாது என்று பெற்றோர் தடுத்தபோது உண்ணாவிரதம் இருந்து, மறைமாவட்ட ஆயரே நடுவில் வந்து பேசும் நிலையை உண்டாக்கி, பெண்களைச் சேர்க்கும் வழக்கமில்லாத மியூனிக் கலைக்கழகத்தில் இடம்பிடித்து, அதன்பின் பெர்லினில் ரௌஹ் என்ற பெருஞ்சிற்பியிடம் பயின்றவரை, கணவர் கையைப் பிடித்துக் கண்டம் விட்டுக் கண்டம் இழுத்துப்போனார் என்று எண்ணுவது பொருந்தாது. மாண்ட்கோமரிக்குக் காசநோய் இருந்தது, இதமான தட்பவெப்பம் தேவைப்பட்டது என்பது மெய்தான். ஆனால் 1871-இல் ஜார்ஜியாவுக்கு வந்து, அங்கே நினைத்தது கைகூடாமல், 1873-இல் ஹெம்ப்ஸ்டெட் ஊருக்கு அருகிலுள்ள லியெண்டோ பண்ணையை முதன்முறை பார்த்தபோது, அதன் மேல்மாடத்தில் நின்று 'இங்கேதான் வாழ்வேன், இங்கேதான் சாவேன்' என்று அறிவித்ததாகச் சொல்லப்படுவது கணவரல்ல, நெய்தான்.

அது காட்டைத் திருத்தி உண்டாக்கிய நிலமும் அல்ல. அடிமைகளின் உழைப்பில் செழித்த குரோஸ் குடும்பத்தின் பண்ணை. உள்நாட்டுப் போருக்குப்பின் விடுதலை பெற்றவர்களைக் கூலிக்கு அமர்த்தித்தான் அங்கே பருத்தி விளைவிக்க முடிந்தது. மாண்ட்கோமரி தன் அறையில் உயிரணுக்களையும் தத்துவத்தையும் ஆராய்ந்துகொண்டிருக்க, நிர்வாகம் முழுவதும் நெய்யின் கையில் இருந்தது. அவர் நல்ல விவசாயி அல்லர். கடன் ஏறிக்கொண்டே போனது. அந்த ஆண்டுகளில் உண்மையான இழப்பு யாருக்கு என்று கேட்டால், இளைய மகன் லோர்ன் என்றே சொல்வேன். மற்ற பிள்ளைகளோடு பழகவிடாமல், கிரேக்கச் சிலைக்கு உடுத்துவதைப்போல் விசித்திரமாக உடுத்தி, தன் மனத்திலிருந்த வடிவத்துக்கேற்ப அவனைச் செதுக்க முயன்றார். வளர்ந்ததும் அவன் தாயை விட்டு விலகிப் போனான். கல் எதிர்த்துப் பேசாது என்ற பழக்கத்தில் வந்த பிழை அது என்பது என் எண்ணம்.

1892-இல், ஐம்பத்தொன்பது வயதில், ஆஸ்டின் நகரின் ஹைட் பார்க் பகுதியில் 'ஃபார்மோசா' என்ற பட்டறையைக் கட்டிக்கொண்டு மறுபடி உளியை எடுத்தார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்காக டெக்ஸாஸின் தலைவர்களான சாம் ஹூஸ்டன், ஸ்டீஃபன் ஆஸ்டின் ஆகியோரின் உருவங்களைச் செய்யும் பணி வந்தது. உரிய நேரத்தில் முடிந்தது ஹூஸ்டன் மட்டுமே. ஹூஸ்டனைவிட ஆஸ்டின் குட்டையாக இருக்கிறாரே என்று சிலர் குறைப்பட்டபோது, இருவரையும் படைத்தவர் கடவுள், நான் படியெடுத்தேன், முறையீட்டை அவரிடமே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. இரு சிலைகளின் பளிங்குப் பிரதிகளும் டெக்ஸாஸ் சட்டமன்றக் கட்டடத்திலும் வாஷிங்டன் நாடாளுமன்றக் கட்டடத்திலும் இன்று நிற்கின்றன.

1907 ஜூன் 29 அன்று அவர் இதய நோயால் இறந்தது அந்தப் பட்டறையில்தான். உடலை லியெண்டோவுக்குக் கொண்டுபோய்ப் புதைத்தார்கள். 1911-இல் மாண்ட்கோமரியும் அருகிலேயே புதைக்கப்பட்டார். ஆஸ்டின் பட்டறை இப்போது அவர் பெயரில் அருங்காட்சியகமாக இயங்குகிறது.

முதலில் பார்க்க வேண்டியது என்று நீங்கள் கேட்டதற்கு, ஹூஸ்டனை விட்டுவிட்டு, வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்திலுள்ள, ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரமான லேடி மக்பெத்தின் பளிங்குச் சிலையைச் சொல்வேன். 1905-இல், இறப்பதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு செய்தது. தூக்கத்தில் நடக்கும் அரசி தன் இரு கைகளையும் ஒன்றோடொன்று பிசைந்துகொண்டிருக்கிறாள். உடல் ஒரு பக்கம் திரும்ப, தலை மறுபக்கம் விலகுகிறது. இறந்த ஆர்தரையோ பிரிந்த லோர்னையோ அந்தக் கைகளில் தேடுபவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் தேடாமல் பாருங்கள். விரல்கள் பின்னிக்கொள்ளும் இடத்தில் பளிங்கு எவ்வளவு ஆழமாகக் குடையப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்தால், இருபது ஆண்டு இடைவெளி அந்தக் கையிலிருந்து எதையும் பறித்துவிடவில்லை என்பது தெரியும்.