ஊதிப் பார்த்தால் நார்மல், அப்புறம் ஏன் இருமல்?

கேள்வி: எனக்கு வயது 24. தேசிய சேவையில் இருந்தபோது பிடித்த பழக்கம், இப்போது ஒரு நாளைக்கு ஏழெட்டு சிகரெட். காலையில் எழுந்ததும் இருமல், கொஞ்சம் சளி. போன ஐபிபிடி உடற்தகுதித் தேர்வில் 2.4 கிலோமீட்டர் ஓடி முடிப்பதற்குள் இரைத்துவிட்டது. மருந்தகத்தில் குழாயில் ஊதச் சொல்லிப் பார்த்துவிட்டு, எல்லாம் நார்மல் என்றார்கள். அப்படியென்றால் பயமில்லைதானே? வேப்புக்கு, அதாவது மின்சிகரெட்டுக்கு, மாறலாமா?
- பெயர் வேண்டாம், ஈசூன், சிங்கப்பூர்

பதில்: தம்பி, நார்மல் என்று வந்தது நல்லதுதான். ஆனால் முதல் விநாடியில் எவ்வளவு காற்றை வெளியே தள்ளுகிறீர்கள் என்பதைத்தான் அதில் முக்கியமாகப் பார்ப்பார்கள், அதில் பெரிய மூச்சுக்குழாய்களின் பங்குதான் அதிகம். சிகரெட் முதலில் கைவைப்பதோ 2 மில்லிமீட்டருக்கும் குறுகலான கடைசிக் கிளைகளில். அவை ஏராளமாக இருப்பதால் கொஞ்சம் வீங்கிப்போனாலும் மற்றவை சமாளித்துக்கொள்ளும், ஊதும் சோதனையில் ஒன்றும் தெரியாது.

1974-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்தது. திடீரென்று இறந்துபோன இளவயதுக்காரர்களின் நுரையீரல்களை எடுத்துப் பார்த்தார்கள். புகைத்தவர்கள் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் அந்தச் சிறு குழாய்களில் அழற்சி, பக்கத்திலேயே புகையை விழுங்கிப் பழுப்பேறிய செல்கள் கூட்டமாக. புகைக்காதவர்களிடம் இது அபூர்வம்.

இருமலுக்கு வருவோம். குழாயின் உள்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் துடைப்பம்போலச் சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். புகை பட்டுப்பட்டு அவை சோர்ந்துபோக, சளி சுரக்கும் செல்கள் மட்டும் பெருகுகின்றன, ராத்திரி முழுக்கத் தேங்கியதை வெளியேற்றத்தான் காலையில் இருமுகிறீர்கள். ஓடும்போது இரைப்பதில் கார்பன் மோனாக்சைடுக்கும் பங்கு உண்டு, ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை ரத்தத்தில் அது பிடித்துக்கொள்கிறது. ஓட்டத்துக்கு முன்னால் டென்ஷன் குறைய ஒரு தம் என்பவர்கள் இதைக் கவனிக்கவும்!

வேப் வேண்டவே வேண்டாம். அதுவும் மூச்சுக்குழாயை உறுத்தும், தவிர 2018 பிப்ரவரியிலிருந்து இங்கே கையில் வைத்திருப்பதே குற்றம்.

உங்கள் வயதில் நிறுத்தினால் இந்த அழற்சி பெருமளவு தணிய வாய்ப்பிருக்கிறது, பத்துப் பதினைந்து வருடம் போய் குழாய்ச்சுவர் தடித்துத் தழும்பேறிவிட்டால் அப்படிச் சொல்ல முடியாது. நிறுத்திய முதல் சில வாரங்கள் இருமல் கூடலாம், நுண்மயிர்கள் மறுபடி வேலை செய்வதால்தான், அதற்குப் பயந்து திரும்பப் பற்றவைக்காதீர்கள். தனியாக முடியவில்லை என்றால் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் குவிட்லைன், 1800 438 2000.

சளியில் ரத்தம், மூச்சில் விசில் சத்தம், எடை குறைவது, இதில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் போங்கள். எத்தனை சிகரெட் என்று கேட்பார், வெள்ளிக்கிழமை ராத்திரிக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுங்கள்.